மன்னார்க் காற்றுக்கும் என் ஸ்டியரிங் ஆடியதற்கும் சம்பந்தமில்லை

போன யூலையில் மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வவுனியாவிலிருந்து மன்னாருக்குப் போனேன். என் தங்கை றெஜினா கலியாணம் முடித்துப் பேசாலையில் இருக்கிறாள். அவளுக்கு ஐந்து மாதக் கைக்குழந்தை, மரிஷா. கணவன் ஜூட்டின் தாயும் தகப்பனும் இலுப்பைக்கடவையில் இருக்கிறார்கள். தகப்பன் இடுப்பு முறிந்து படுக்கையில் கிடப்பதால் பேத்தியை அவர் இன்னும் கண்டதில்லை. ஜூட் கடலுக்குப் போகிறவன். தொழில் ஓடுகிற அந்த மாதங்களில் அவனால் ஒரு நாளும் விட முடியாது. என்னிடம் பழைய சின்ன ஜப்பான் கார் ஒன்று இருக்கிறது. "நான் வந்து ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போறன்" என்று றெஜினாவிடம் சொன்னேன்.

இந்தப் பதிவில் தலைமன்னார்க் கடலைப் பற்றியும், எங்கே நல்ல நண்டு கிடைக்கும் என்றும் எழுதத்தான் நினைத்திருந்தேன். அதெல்லாம் எழுத இப்போது மனமில்லை. டயரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். கோபமாகத்தான் எழுதப்போகிறேன். மன்னார்ப் பக்கம் சொந்தக் காரில் போக இருப்பவர்கள் கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு வவுனியாவிலிருந்து வெளிக்கிட்டேன். பறையனாலங்குளம் வழியாக மன்னாருக்கு எண்பது கிலோமீற்றர் வரும். பாதை நல்லது, முருங்கனில் இறங்கி ஒரு வடையும் தேத்தண்ணியும் எடுத்தால் களைப்புத் தெரியாது. முன் டயர்கள் இரண்டும் முடியும் தறுவாயில் இருந்தன. வவுனியாவிலேயே மாற்றியிருப்பேன். "மன்னாரில வின்சன் அண்ணையின்ர கடையில போடுங்கோ, எங்கட ஆள், குறைச்சுத் தருவார்" என்று ஜூட் சொல்லியிருந்ததால் மாற்றாமல் போனேன். வின்சன், ஜூட்டின் பெரியம்மாவின் மகன். மன்னார் நகரத்தில் டயர்க் கடை வைத்திருக்கிறார். (பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லச் சொல்லிப் பின்னூட்டம் போடவேண்டாம்.)

நல்ல வரவேற்பு. கதிரை போட்டார், சோடா எடுப்பித்தார். கேட்ட முதல் கேள்வி, "அத்தான் வரேல்லையோ?"

"நான் கலியாணம் முடிக்கேல்லை. காரை ஓட்டுறது நான்தான்" என்றேன்.

"அப்பிடியோ பிள்ளை. சரி சரி" என்று சிரித்தார். எனக்கு நாற்பத்தொரு வயது. பத்தொன்பது வருடமாகக் கார் ஓட்டுகிறேன்.

நான்கு வகை டயர் காட்டினார். சீனாவில் செய்தது 17,500 ரூபாய், இந்தியாவில் செய்தது 22,000, உள்ளூரில் செய்தது 23,000, ஜப்பான் பெயரோடு தாய்லாந்தில் செய்தது 31,000. நான் இந்திய டயரைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். எங்கள் பாதைகளின் சூட்டுக்கும் கிடங்கு பள்ளங்களுக்கும் அதன் பக்கச்சுவர் தாங்கும் என்று பலர் சொல்லியிருந்தார்கள். வின்சன் விடவில்லை. "குழந்தையோட இலுப்பைக்கடவைக்குப் போறியள் எண்டு ஜூட் சொன்னவன். உயிர் சம்பந்தப்பட்ட விசயத்தில காசு பாக்கக்கூடாது பிள்ளை. நல்லதைப் போடுங்கோ. உங்களுக்கெண்டபடியா இருபத்தெட்டுக்குத் தாறன்." இரண்டு டயரையும் உள்ளே இருந்து தானே எடுத்து வந்தார். பொலித்தீன் நாடா சுற்றியிருந்தது, கன்னங்கரேலென்று மினுங்கின. "சொந்தக்காரருக்கு நானே போடுறன்" என்று, கடையில் வேலைக்கு ஆள் இருந்தும் தன் கையாலேயே றிம்மில் ஏற்றினார். 56,000 ரூபாய் கொடுத்தேன்.

'உயிர் சம்பந்தப்பட்ட விசயம்' என்று சொன்னது அவர். அந்த வார்த்தை அவருடையது.

பின்னேரம் றெஜினாவையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்கு ஒரு சுற்றுப் போனோம். மன்னார்த் தீவின் நடுவே போகிற அந்த நேர்ப் பாதையில் எழுபதைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது. முதலில் கைக்குள் ஒரு கிறுகிறுப்பு. எழுபத்தைந்தில் தெளிவான ஆட்டம். அறுபதுக்கு இறக்கினால் நின்றுவிடும். காலையில் பழைய டயரோடு தொண்ணூறில் வந்தபோது இந்த ஆட்டம் இல்லை.

இங்கே கொஞ்சம் தொழில் விசயம். புது டயர் போட்டதும் ஸ்டியரிங் ஆடினால் பெரும்பாலும் சக்கரத்தின் பாரம் சமனில்லை என்று அர்த்தம். றிம்மின் ஓரத்தில் சின்ன ஈயத் துண்டுகள் ஒட்டிச் சமன்படுத்துவார்களே, அந்த வேலை சரியில்லை. அது ஒரு குறிப்பிட்ட வேகத்தில்தான் தெரியும். அதைத் தாண்டினால் குறைவதும் உண்டு. முன் சக்கரம் என்றால் ஸ்டியரிங்கில் தெரியும், பின் சக்கரம் என்றால் இருக்கையில் தெரியும். கார் ஒரு பக்கம் இழுத்தால் அது வேறு பிரச்சினை, அலைன்மென்ட். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆகவே பெரிதாய்ப் பயப்படவில்லை. காலையில் போய்த் திரும்பச் சமன்படுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு, இலுப்பைக்கடவைக்குப் போகிற வழியில் கடைக்குப் போனோம். றெஜினா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் இருந்தாள். நான் இறங்கி விசயத்தைச் சொன்னேன்.

வின்சன் காரைப் பார்க்கவே இல்லை. "அது மன்னார்க் காத்துப் பிள்ளை. யூலையில இஞ்ச லொறியே ஆடும். உங்கட கார் தீப்பெட்டி மாதிரி."

"காத்து நேற்றுக் காலமையும் அடிச்சது அண்ணை. அப்ப ஆடேல்லை."

"புது டயர் அப்பிடித்தான். ஒரு ஆயிரம் கிலோமீற்றர் ஓடினால் பழகிடும்."

"ஒருக்காத் திரும்ப மெசினில போட்டுப் பாருங்கோவன்."

"நேற்றுத்தானே என்ர கையால போட்டனான். நம்பிக்கை இல்லையோ?" என்று சொல்லிக்கொண்டே காருக்குக் கிட்டப் போய், யன்னலுக்குள் கையை விட்டு மரிஷாவின் கன்னத்தைக் கிள்ளினார். "சின்னம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்கோ" என்றார் றெஜினாவிடம். ஜூட்டின் தாயைத்தான் சொன்னார். றெஜினா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குத் தெரியும்: அக்கா, போதும், வா. அவள் அந்தக் குடும்பத்துக்குள் வாழ வந்தவள். நான் ஏறி, காரை எடுத்தேன்.

பாலத்தைக் கடந்து பெருநிலத்துக்கு வந்து வடக்கே திரும்பினால் பூநகரிப் பாதை. இலுப்பைக்கடவை அங்கிருந்து நாற்பது கிலோமீற்றர் அளவில். ஆட்களும் கடைகளும் குறைவு. மன்னாரிலேயே தண்ணீர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் அறுபதிலேயே ஓட்டினேன். அடம்பன் பக்கம் அறுபதிலும் ஆடத் தொடங்கியது. விடத்தல்தீவுக்குக் கிட்ட ஐம்பத்தைந்தில். சமனில்லாத சக்கரம் ஒரு மணித்தியாலத்துக்குள் இப்படி மோசமாகாது. நட் ஏதும் இளகியிருக்குமோ என்று ஓரமாய் நிறுத்தி, நட்டுச் சாவி போட்டுப் பார்த்தேன். எல்லா நட்டும் இறுக்கமாக இருந்தன.

"காத்தாத்தான் இருக்கும் அக்கா" என்றாள் றெஜினா.

"காத்து சில்லுக்குள்ள போய் இருக்கோ?" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவளிடம் காட்ட வேண்டிய கோபமில்லை அது.

விடத்தல்தீவு தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் 'டப் டப் டப்' என்று சத்தம் கேட்டது. பிறேக்கை மெல்ல மிதிக்க நினைப்பதற்குள் இடது முன்பக்கம் ஏதோ பிய்ந்து காரின் அடியில் அடிக்கத் தொடங்கியது. ஸ்டியரிங் என் கையைப் பறித்துக்கொண்டு இடதுபக்கம் ஓடியது. இடதுபக்கம் பள்ளம், அதற்குக் கீழே உப்புச் சேறு. நான் வலதுபக்கம் இழுத்தேன். எதிரே மணல் ஏற்றிய ரிப்பர் லொறி ஒன்று வந்துகொண்டிருந்தது. பிறேக்கில் கால் வைக்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை நேரே பிடித்துக்கொண்டு வேகத்தைத் தானாக இறங்க விட்டேன். ரிப்பர் கோர்ன் அடித்துக்கொண்டு பக்கத்தால் போனபோது அதன் சக்கரம் என் முழங்கைக்குப் பக்கத்தில் தெரிந்தது. கார் தார் முடிகிற இடத்தில், சரளைக் கல்லில் போய் நின்றது.

மரிஷா வீரிட்டுக் கத்தினாள். றெஜினா அவளை நெஞ்சோடு அமத்திக்கொண்டு குனிந்திருந்தாள். நிமிர்ந்தபோது அவள் வாயெல்லாம் இரத்தம். டாஷ்போர்ட்டில் இடிபட்டுக் கீழ் உதடு கிழிந்திருந்தது. "பிள்ளைக்கு ஒண்டுமில்லை. பிள்ளைக்கு ஒண்டுமில்லை" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

இறங்கிப் பார்த்தேன். டயருக்குள் இன்னும் காற்று இருந்தது. ஆனால் நிலத்தில் படுகிற மேல்பட்டை, அவித்த பனங்கிழங்கின் தோலை உரித்த மாதிரி முக்கால்வாசி உரிந்து தொங்கியது. கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றன. நேற்றுப் போட்ட டயர். நூறு கிலோமீற்றர்கூட ஓடவில்லை.

மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு தம்பதி நின்றார்கள். மனிசன் ஜக் வைத்து உயர்த்த, நான் நட்டைக் கழற்றினேன். மனிசி தன் குடையைக் குழந்தைக்குப் பிடித்துக்கொண்டு நின்றா. "புது டயர் மாதிரியெல்லோ கிடக்கு?" என்றார் மனிசன். "நேற்றுத்தான் போட்டது" என்றேன். ஸ்பெயார் சக்கரத்தைப் பூட்டிவிட்டு, கிழிந்த டயரை அவரே தூக்கிப் பின்னால் வைத்தார். "இதை எறிஞ்சிடாதையுங்கோ தங்கச்சி" என்று மட்டும் சொன்னார்.

முப்பதில் ஊர்ந்து இலுப்பைக்கடவை போய்ச் சேர்ந்தோம். றெஜினாவின் மாமனாரும் மாமியும் இருபது வருடத்துக்கு மேல் தமிழ்நாட்டு முகாமில் இருந்துவிட்டு வந்தவர்கள். மாமி இப்போதும் "வாங்க வாங்க, உள்ள வாங்கோ" என்று இரண்டு கரையையும் சேர்த்துத்தான் பேசுவா. குழந்தையைக் கட்டிலில் மாமனாருக்குப் பக்கத்தில் கிடத்தியபோது அந்த மனிதர் விரலை நீட்டினார், மரிஷா பிடித்துக்கொண்டாள். அவர் சத்தமில்லாமல் அழுதார். அந்த ஐந்து நிமிடமும் எனக்குக் கோபம் இல்லை.

பிறகு மாமி றெஜினாவின் உதட்டைக் கண்டா. நான் நடந்ததைச் சொன்னேன்.

"அவன் என் அக்கா பிள்ளைம்மா" என்றா மாமி. "தெரியாமக் குடுத்திருப்பான்."

ஜூட்டுக்குப் போன் எடுத்தேன். விசயத்தைக் கேட்டுவிட்டு அவன் சொன்னது: "அண்ணையோட நான் கதைக்கிறன். நீங்கள் ஒண்டும் கதையாதையுங்கோ. எங்கட வள்ளத்துக்கு இயந்திரம் கடனில எடுக்கிறதுக்கு அவர்தான் பிணை நிண்டவர்." சரி, இதுதான் விசயம். ஆளாளுக்கு ஒரு காரணம் இருந்தது. காரில் இருந்த பிள்ளைக்காகக் கோபப்பட யாரும் இல்லை.

அந்தக் காரில் குழந்தையைத் திரும்ப ஏற்ற நான் சம்மதிக்கவில்லை. வலது முன் சக்கரத்திலும் அதே கடையின் அதே டயர்தானே இருக்கிறது. சாப்பிட்டபின் றெஜினாவையும் மரிஷாவையும் மன்னார் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நான் தனியே நாற்பதில் ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தேன். வழியெல்லாம் வலது டயர் சத்தம் போடுகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு வந்தேன். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

மன்னார் தாண்டி எருக்கலம்பிட்டிக்குத் திரும்புகிற பக்கம் இன்னொரு டயர்க் கடை இருக்கிறது. றியாஸ் என்று ஒருவர். அவரிடம் இந்திய டயர் இரண்டு கேட்டேன், 22,500 ரூபாய் ஒன்று. இந்த முறை நான் சும்மா இருக்கவில்லை. டயரின் பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் எத்தனையாவது கிழமை (வாரம்), அடுத்த இரண்டும் எந்த வருடம் செய்தது என்று சொல்லும். அதைத் தேடிப் பார்த்தேன். செய்து ஏழு மாதம். மேல்பட்டையில் மெல்லிய இறப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருந்தன. வார்ப்பு அச்சிலிருந்து எடுத்த புது டயருக்கு அது இருக்கும். ஓடிய டயருக்கு இருக்காது.

றியாஸ் என் வலது முன் டயரைக் கழற்றினார். உட்புறத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். நான் கண்டேன். உள்ளே உள்ளங்கையளவில் ஒரு கறுப்பு ஒட்டு. பஞ்சருக்குப் போடுகிற ஒட்டு. அதன் ஓரம் வெடித்துப் போயிருந்தது. வருட இலக்கம் இருக்கிற பக்கத்தை உட்பக்கமாக வைத்துப் பூட்டியிருந்தபடியால் எனக்கு அது வெளியே தெரிந்திருக்கவில்லை. இப்போது பார்த்தால் அந்த இடத்தில் இலக்கம் இல்லை, வழவழவென்று தேய்த்திருந்தது. மேல்பட்டையின் கோடுகளுக்குள் விரலை விட்டேன். ஆழம் ஒரே சீராக இல்லை. தேய்ந்துபோன டயரில் கோடுகளை ஆழமாக வெட்டி, மேலே கறுப்புப் பூசி, பொலித்தீன் நாடா சுற்றியிருக்கிறார்கள். வெட்டினது கம்பிவரை போயிருக்கிறது. கிழிந்த டயரையும் பார்த்தேன். அதிலும் அதே வெட்டு.

"எங்க வாங்கினீங்க மிஸ்?" என்று றியாஸ் கேட்டார். சொன்னேன்.

அவர் நிமிர்ந்து பாதையைப் பார்த்தார். "நானும் அவரும் ஒரே ஊர்ல தொழில் செய்றம். நான் ஒண்டும் பாக்கல்ல. நீங்க பாத்தீங்க, அவ்வளவுதான்."

அவருடைய நிலை எனக்கு விளங்கியது. விளங்கியும் கோபம் குறையவில்லை.

பஸ் நிலையத்தில் றெஜினா காத்துக்கொண்டிருந்தாள். உதடு வீங்கி முகம் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஒட்டைப் பற்றிச் சொன்னேன். "நான் இப்ப வின்சனிட்டப் போறன். உன்னைப் பேசாலையில விட்டிட்டுப் போகட்டோ?" என்று கேட்டேன்.

அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டாள். "நானும் வாறன்" என்றாள். அவள் ஏன் வருகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. என்னை அடக்கத்தான் என்று நினைத்தேன்.

கடையில் வேறொரு வாடிக்கையாளர் இருந்தார். என் கார் அளவிலேயே ஒரு சின்னக் கார், முன்பக்கம் ஜக்கில் நின்றது. கிழிந்த டயரையும் முழு டயரையும் இறக்கி வின்சனின் முன்னால் போட்டேன். ஜூட் போனில் ஏற்கெனவே சொல்லியிருக்கிறான் போல. வின்சன் அதிர்ச்சி அடைந்த மாதிரி நெஞ்சில் கை வைத்தார்.

"கடவுளே, பிள்ளைக்கு ஒண்டுமில்லைத்தானே? இது கம்பனிப் பிழை. கொழும்பில இருந்து வாறதை அப்பிடியே விக்கிறம். எனக்கெப்பிடித் தெரியும்?"

"உள்ளுக்கு ஒட்டு இருக்கு. நீங்கள்தான் உங்கட கையால போட்டனீங்கள். கண் தெரியேல்லையோ?" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"மெல்லக் கதையுங்கோ பிள்ளை. சொந்தத்துக்குள்ள ஏன் பிரச்சினை? முழுக் காசையும் தாறன். ரெண்டு டயரையும் வைச்சிட்டுப் போங்கோ." மேசை இலாச்சியைத் திறந்து காசை எடுத்து வைத்தார். பிறகு குனிந்து, கிழிந்த டயரைக் காலால் ஒதுக்கிவிட்டு, முழு டயரை உருட்டிக்கொண்டு போய் விற்கிற டயர்களோடு சேர்த்து அடுக்கில் வைத்தார்.

உண்மையைச் சொல்கிறேன், அதை நான் கவனிக்கவில்லை. என் கண் காசில் இருந்தது. கவனித்தவள் றெஜினா.

"வின்சன் அண்ணை, அதை ஏன் அங்க வைக்கிறியள்?"

"கம்பனிக்குத் திருப்பி அனுப்ப வேணும் றெஜி."

"அப்ப வெட்டிப்போட்டு அனுப்புங்கோ."

"வெட்டினால் அவங்கள் எடுக்க மாட்டாங்கள்."

"ஒட்டுப் போட்ட டயரை எந்தக் கம்பனி அண்ணை எடுக்கும்?"

றெஜினா என்னிடம் வந்து மரிஷாவை என் கையில் தந்தாள். மேசையில் பொலித்தீன் வெட்டுகிற கத்தி ஒன்று கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு அடுக்குக்குப் போனாள். டயரை இழுத்துக் கீழே விழுத்தி, பக்கச்சுவரில் குத்தினாள். முதலில் போகவில்லை. முழங்காலை டயரில் ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். இறப்பர் கரகரவென்று பிளந்தது. திருப்பிப் போட்டு மற்றப் பக்கமும் வெட்டினாள். உதட்டுக் காயம் திறந்து அவள் நாடியால் இரத்தம் வடிந்தது.

"உனக்கென்ன விசரோ?" என்று வின்சன் பாய்ந்து வந்தார்.

"ஓம்" என்றாள் றெஜினா. கத்தியை மேசையில் வைத்தாள்.

வின்சன் காசைத் திரும்ப இலாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். "இனி ஒரு சதமும் இல்லை. ஜூட்டுக்கும் சொல்லிவையுங்கோ."

நான் சண்டைக்கு ஆயத்தமானேன். அது என் காசு, 56,000 ரூபாய். றெஜினா என் முழங்கையைப் பிடித்தாள். அப்போதுதான் அந்த மற்ற வாடிக்கையாளர் கிட்ட வந்தார். "அண்ணை, எனக்குப் போட எடுத்து வைச்ச டயரின்ர உட்பக்கத்தை ஒருக்காக் காட்டுங்கோ" என்றார். வின்சன் அசையவில்லை. அந்த மனிதர் தன் பழைய டயர்களையே திரும்பப் பூட்டுவித்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் ஜூட் முதலில் றெஜினாவைத்தான் ஏசினான். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. குழந்தையை அவன் மடியில் வைத்துவிட்டு, ரிப்பர் எவ்வளவு கிட்ட வந்தது என்பதைக் கையை விரித்துக் காட்டினாள். அவன் பிறகு சாப்பிடவில்லை. அடுத்த நாள் காலை தானே வின்சனிடம் போய், பிணைக்கு வேறு ஆள் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தான். இரண்டு குடும்பமும் இப்போது கதைப்பதில்லை. நுகர்வோர் முறைப்பாடு எடுக்கிற கந்தோருக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வின்சன் எழுதித் தந்த பில் துண்டில் 'டயர் 2' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. ஆகவே என்ன நடக்கும் என்று தெரியாது.

மன்னாருக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். டயரை ஊரில் வைத்தே மாற்றுங்கள். பயணத்துக்கு ஒரு கிழமைக்கு முன் மாற்றி, எண்பதில் ஓடிப் பாருங்கள். எந்த நாட்டு டயர் என்பதைவிட எந்த வருடத்து டயர் என்று முதலில் கேளுங்கள். இலக்கம் உள்ள பக்கத்தைப் பார்க்காமல் பூட்ட விடாதீர்கள். றிம்மில் ஏற்ற முன் உட்புறத்தை நீங்களே கையால் தடவிப் பாருங்கள். துண்டில் பெயர், அளவு, அந்த நாலு இலக்கம் எல்லாம் எழுதுவித்து வாங்குங்கள். சொந்தக்காரர் கடையென்றால் இன்னும் கவனமாக எழுதுவியுங்கள்.

ஸ்டியரிங் ஆட்டம் ஒரே வேகத்தில் மட்டும் வந்து, நாள்பட அப்படியே இருந்தால் மெதுவாக ஓட்டிப்போய்ச் சமன்படுத்தலாம். ஓட ஓடக் கூடினால், குறைந்த வேகத்திலும் வரத் தொடங்கினால், அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். நட்டை மட்டும் பார்த்துவிட்டு ஏறாதீர்கள், நான் அப்படித்தான் ஏறினேன். டயரை முழுதாகச் சுற்றித் தடவி, எங்காவது புடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பூநகரிப் பாதையில் உதவி தூரத்தில்தான் இருக்கிறது. ஸ்பெயார் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று வெளிக்கிட முன் பாருங்கள்.

வவுனியாவில் இதைக் கேட்டவர்களில் பாதிப்பேர் என்னிடம் சொன்னது, "ஒண்டும் நடக்கேல்லைத்தானே, விடுங்கோ." அந்த வசனம்தான் என்னை இதை எழுத வைத்தது. நடந்தது. அந்தச் சனிக்கிழமை காலை, தான் பூட்டின டயர் எப்படிப்பட்டது என்று தெரிந்த ஒரு மனிதன், அந்தக் காருக்குள் கையை விட்டு ஒரு குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, போய்வாருங்கள் என்று அனுப்பினான்.